பேச்சை நிறுத்திக்கொண்டவர் பக்கத்தில் எப்படி உட்காருவது

2023 தை மாதத்தில் என் மகனுக்குக் காது குத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. அவன் வரவில்லை. போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நல்ல நேரம் தவறிவிடும் என்று கடைசியில் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். வந்தவர்கள் எல்லோரும் "தாய்மாமன் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நான்கு மாதம் அவனோடு நான் பேசவில்லை.

அந்த நான்கு மாதமும் அவன் கோவை கணபதியில், வாடகை வீட்டின் உள்ளறையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான்.

நான் பொள்ளாச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரைகளை 12 ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே என் தம்பியின் நோய் தெரியவில்லை. எந்நேரமும் அழுதுகொண்டிருப்பவர்களுக்குத்தான் அந்த நோய் என்று நினைத்திருந்தேன். விசேஷத்துக்கு வராமல் போவது, போனை எடுக்காதது, கேட்டதற்கு "ம்" என்பது எல்லாம் அதன் அறிகுறி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதை அக்காமார், அம்மாமார், மனைவிமார், கூட்டாளிகளுக்காக எழுதுகிறேன். வைத்தியம் செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் அவர் முன்னால் நோயாளி உட்கார்ந்திருப்பது மாதத்தில் பத்து, இருபது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் நம்மோடுதான். அந்த மிச்ச நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நான் தப்பு செய்து, திருத்தி, கற்றுக்கொண்டவை இவை.

முதலில் அடையாளம் காணுங்கள்

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இரண்டு வாரம். மனம் சோர்ந்து கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது இவற்றில் ஒன்றாவது, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரம் நீடித்தால் அது வெறும் வருத்தம் இல்லை. கூடவே தூக்கம், பசி, கவனம், நடமாட்டம் இவற்றிலும் மாற்றம் இருக்கும். பிஎச்க்யூ-9 என்று 9 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2001 முதல் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படிவம் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. அவரை ஊரில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள். பழைய அவரோடு ஒப்பிடுங்கள். சிலர் இயல்பிலேயே அதிகம் பேசமாட்டார்கள், அது நோய் இல்லை. என் தம்பி அப்படியில்லை. லேத் பட்டறையில் டர்னராக இருந்தவன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் அரை மணி நேரம் அரட்டை அடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஒரு போன் வந்துவிடும். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் அது படிப்படியாக நின்றுபோனது புரிந்தது. முதலில் போன் குறைந்து வாட்ஸ்அப் ஆனது. அப்புறம் பதில் சுருங்கியது. பிறகு நீல டிக் மட்டும். பிறகு குடும்பக் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டான். "அவன் குரல்ல ஏத்த இறக்கமே இல்ல கண்ணு, யாரோ படிச்சுக் காட்டற மாதிரி பேசறான்" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அது எவ்வளவு சரியான கவனிப்பு! மனச்சோர்வில் பேச்சு மெதுவாவதும், குரல் தட்டையாவதும், கண்ணைப் பார்த்துப் பேசுவது குறைவதும் மருத்துவர்கள் தேடிப் பார்க்கிற அறிகுறிகள்.

உறவுக்காரர்கள் என்ன சொன்னார்கள்? திமிர் என்றார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றார்கள். அந்தப் பெண்ணோ ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியில் சொல்லவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மா ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தாள். அதை நான் குறைசொல்லமாட்டேன். நாங்கள் எல்லோரும் "அவன் இப்படிச் செய்துவிட்டானே" என்று பேசிக்கொண்டிருந்தபோது, "அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொன்ன முதல் ஆள் அம்மாதான்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நீங்களும் வந்து சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூளைக்குள் நடப்பது

இதைத் தெரிந்துகொள்வது அறிவுக்காக இல்லை. தெரிந்தால் கோபம் குறையும். எனக்கு அப்படித்தான் குறைந்தது.

நமக்குப் பிடித்த ஒன்றை நோக்கி நம்மை எழுப்பி நடக்கவைக்கிற ஒரு சுற்று மூளையின் நடுவில் இருக்கிறது. டோபமைன் அதில் முக்கியமான வேதிப்பொருள். பந்தியில் உட்கார்ந்தபின் வரும் சந்தோஷத்தைவிட, "போகலாம், நன்றாக இருக்கும்" என்று கிளம்ப வைக்கிற ஆசைக்குத்தான் அது அதிகம் தேவை. மனச்சோர்வில் இந்தச் சுற்று மந்தமாகிறது. பலன் சின்னதாகத் தெரியும், அதற்குப் பட வேண்டிய பாடு மலையாகத் தெரியும். குளித்து, சட்டை மாற்றி, பஸ் ஏறி, மண்டபத்தில் நூறு பேருக்கு வணக்கம் சொல்வது என்பது நமக்கு ஒரு காலை வேலை. அவருக்கு அது ஒரு மூட்டை சிமெண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது. தம்பி பின்னொருநாள் தன் பட்டறை மொழியில் சொன்னான்: "மோட்டார் ஓடுதுக்கா, பெல்ட் வழுக்குது. சக் சுத்தமாட்டேங்குது." (சக் என்பது லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற பகுதி.) இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்தது முகங்களைப் படிக்கிற விஷயம். ஆபத்து ஏதாவது இருக்கிறதா என்று எப்போதும் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி மனச்சோர்வில் சோகமான, கடுகடுத்த முகங்களுக்கு அதிகமாகப் பதறுகிறது. அதை அடக்கி "ஒன்றுமில்லை, அவர் ஏதோ யோசனையில் இருக்கிறார்" என்று சமாதானம் சொல்ல வேண்டிய நெற்றிப்பக்க மூளை சரியாக ஈடுகொடுப்பதில்லை. அதனால் சாதாரணமாக இருக்கிற முகம்கூட நம்மேல் வெறுப்பாக இருப்பதுபோல் தெரியும். பட்டறை முதலாளி கும்பிடுக்குப் பதில் சொல்லாமல் போன ஒரு நாளை வைத்து என் தம்பி மூன்று வாரம் யோசித்திருக்கிறான்.

ஒதுக்கப்படுவது மூளைக்கு எப்படி இருக்கும் என்று அமெரிக்காவில் நவோமி ஐசன்பெர்கரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து 2003இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கணினியில் இன்னும் இரண்டு பேரோடு பந்து போட்டு விளையாடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் இவருக்குப் பந்தே போடாமல் தங்களுக்குள் போட்டுக்கொள்ள ஆரம்பிப்பார்கள். அப்போது, உடம்பு வலியின் வேதனையோடு தொடர்புடைய முன் சிங்குலேட் என்ற பகுதியில் செயல்பாடு கூடியது. முன்பின் தெரியாதவர்கள், வெறும் விளையாட்டு, அதற்கே இப்படி. முகத்தை எல்லாம் வெறுப்பாகப் படிக்கிற மூளை உள்ளவருக்கு ஒரு கல்யாண மண்டபம் எப்படி இருக்கும்? புண்ணான காலை யாராவது மிதித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே கூட்டத்தில் நடப்பது போல. அதனால் ஒதுங்குகிறார்கள். நம்மைப் பிடிக்காமல் இல்லை.

மூன்றாவது, உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற யோசனை. நாம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே யோசிக்கிற ஒரு வலைப்பின்னல் மூளையில் விழித்துக்கொள்ளும். வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும். மனச்சோர்வில் பலருக்கு அது எளிதில் அடங்குவதில்லை. நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதுக்குள் இன்னொரு பேச்சு ஓடுகிறது. கேட்டதற்குப் பதில் வரத் தாமதமாவது அதனால்தான். கையில் வேலை கொடுத்தால் அது கொஞ்சம் அடங்குகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நினைவும் மாறுகிறது. பழைய நல்ல நாட்களைத் துல்லியமாகச் சொல்ல முடியாமல், "நான் எப்பவுமே இப்படித்தான்" என்று மொத்தமாகப் பேசுவார்கள். "ஊட்டிக்குப் போனோமே, எவ்வளவு ஜாலியா இருந்தே" என்று நினைவுபடுத்தி உற்சாகப்படுத்தப் பார்ப்பது அதனால்தான் பலிப்பதில்லை.

செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சுருக்கிச் சொல்வதைக் கடையில் தினமும் கேட்கிறேன். விஷயம் அத்தனை எளிதில்லை. பரம்பரை, சிறுவயதில் பட்டவை, கடன், வேலை போனது, உடம்பில் வேறு நோய், நீண்ட நாள் அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறியே கிடப்பது என்று பலதும் சேர்கின்றன. ஒரே காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து யார் மேலாவது பழிபோடுகிற வேலையை விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கூட்டிப்போவது

"மனசுக்கு டாக்டரைப் பார்க்கலாமா" என்றால் பெரும்பாலும் வரமாட்டார்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். நாங்கள் உடம்பு வழியாகப் போனோம். உடம்பு அசதி, பிடரி வலி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுவது, இதெல்லாம் அவனுக்கு இருந்தன. "தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிடலாம், எனக்கும் எடுக்கணும், வா" என்று ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இது ஏமாற்று இல்லை. தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இதே போன்ற சோர்வு வரும், அதைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பொது மருத்துவரே "தூக்கத்துக்கு ஒருத்தரைப் பாருங்க" என்று மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்கள் பேசியும் யோசனை கேட்கலாம்.

மாத்திரை பற்றி என் தொழில் முறையில் சில வார்த்தைகள். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப்பலனுக்கு இன்னும் கூடுதலாகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி வரலாம். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நன்றானபின்பும் பல மாதம் சாப்பிட வேண்டும், குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான், படிப்படியாக. "பழகிவிடுமா?" என்று கேட்பார்கள். போதை மாதிரிப் பழகுவது இந்த வகை மாத்திரையில் கிடையாது. தூக்கத்துக்குத் தருகிற சில மாத்திரைகள் வேறு வகை, அவற்றைச் சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். இன்னொன்று: நான் மருந்துக்கடையில் இருந்தும் என் தம்பிக்கு நானாக ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. நீங்களும் யாருடைய பழைய சீட்டையும் வைத்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் உட்காருவது

மருந்து வேலை செய்ய நாளாகும் என்பதால், அந்த வாரங்களில் நான் செவ்வாயும் சனியும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். முதல் முறை தோல்வி. கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "என்னடா ஆச்சு, அக்காகிட்ட சொல்லு" என்றேன். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இரண்டாவது முறை அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கிப் போனேன். அவன் கட்டிலை ஒட்டித் தரையில், அவன் பார்க்கிற அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். "அம்மிணி சாம்பாருக்குக் கேட்டா, இங்க காத்து வருது, உரிச்சுட்டு நாலரை பஸ்ஸுக்குப் போயிடுவேன்" என்று மட்டும் சொன்னேன். நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அவன் கை கீழே வந்து முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தது. வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அன்றைக்கு இருவருக்கும் வந்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இதுதான். எதிரில் உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது அவருடைய பதற்றம் குறைகிறது. கையில் ஒரு வேலையோடு போங்கள், அவரையும் செய்யச் சொல்லாதீர்கள். எப்போது கிளம்புவீர்கள் என்பதை வந்தவுடனே சொல்லிவிடுங்கள், முடிவு தெரிந்தால் தாங்குவது எளிது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியும் விடுங்கள், அன்றைக்கு அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும்கூட. காலையில் போகாதீர்கள். பலருக்கு விடிந்ததும்தான் நோய் உச்சத்தில் இருக்கும், மாலையில் கொஞ்சம் இறங்கும்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வியே வேண்டாம். ஏன் சாப்பிடவில்லை, ஏன் குளிக்கவில்லை என்று நாம் கேட்பது அவர் காதில் குற்றப்பத்திரிகையாக விழுகிறது. "என்ன சாப்பிடறே?" என்பதும் அவருக்குப் பெரிய கேள்விதான், தீர்மானிக்கிற சக்தியே வற்றிக் கிடக்கிறது. "ரசஞ்சோறா, தோசையா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறில் நமக்குப் பொறுமை போய்விடும். பதில் எட்டில் வரும்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் பதில் தேவைப்படாத செய்தியாக எழுதுங்கள். "நம்ம வீட்டு முருங்கை பூத்திருக்குது. பதில் போட வேண்டாம் சாமி, சும்மா அனுப்பினேன்." தினமும் ஒன்று போதும். என் தம்பி ஐம்பதுக்கும் மேல் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் படித்திருந்தான் என்று பின்னால் தெரிந்தது.

ஜிம்பாப்வேயில் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு ஒன்றைப் படித்தபோது எனக்கு அந்த வெங்காய முறம்தான் நினைவுக்கு வந்தது. மனநல மருத்துவர்கள் மிகக் குறைவான நாடு அது. பயிற்சி கொடுத்த பாட்டிகளை மருத்துவமனை வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மனம் நொந்து வருபவர்கள் அந்தப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் நன்றாகக் குறைந்திருந்தது.

சின்ன வேலைகளும் ஒரு நோட்டும்

"மனசு சரியானதும் வெளியே போகிறேன்" என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த நோயில் அது தலைகீழ். செய்யச் செய்யத்தான் ஆசை மெல்லத் திரும்புகிறது. இதை வைத்தே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர், மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளோடு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் இந்த முறையைச் செய்துபார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று 2017இல் வெளியிட்டார்கள்.

நாங்கள் செய்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு வேலைக்கு முன்னால், "இது எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று பத்துக்கு ஒரு எண் போட வேண்டும். செய்தபின் எவ்வளவு இருந்தது என்று இன்னொரு எண். டர்னர் இல்லையா, அளந்து எழுதுவது அவனுக்குக் கைவந்தது. அந்தப் பக்கங்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. தெருமுனை டீக்கடை வரை நடை: முன்னால் 1, பின்னால் 3. பைக் செயினுக்கு எண்ணெய்: முன்னால் 2, பின்னால் 5. மகளோடு கேரம்: முன்னால் 0, பின்னால் 4. இரண்டு வாரம் எழுதியதும் அவனே சொன்னான்: "என் கேஜ் தப்பா காட்டுதுக்கா." ஆமாம், அதுதான் நோய். முன்னால் போடுகிற எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று அவனுக்கு நான் வாயால் சொல்லியிருந்தால் ஏறியிருக்காது.

வேலையை அபத்தமாகத் தோன்றும் அளவுக்குச் சின்னதாக்குங்கள். "நடந்துவிட்டு வா" பெரிது. "செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை" சரியான அளவு. எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் வெயில் படட்டும், குடி வேண்டாம். ஒருநாள் செய்யவில்லை என்றால் அன்றைய வரி காலியாக இருக்கட்டும், அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது. கேட்பதுதான் பாதுகாப்பு. நான் வெங்காயம் உரிக்கிற நாட்களில் மூன்றாவது நாள் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, சாதாரணக் குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து "தோணுச்சு" என்றான். "எப்படின்னு யோசிச்சியா?" என்றும் கேட்டேன். பதில் எதுவானாலும் அழுது கூப்பாடு போடாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். திட்டம் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனை.

வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தோட்டங்காடு உள்ள எங்கள் பக்கத்து வீடுகளில் அது சாதாரணமாகத் திண்ணையில் கிடக்கும். அம்மா வீட்டில் இருந்ததை எல்லாம் அன்றைக்கே எடுத்து வெளியேற்றினோம். மாத்திரைகளை அவன் மனைவி வைத்திருந்து அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுத்தாள். இலங்கையில் 1990களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள், பத்தே ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியானது. அந்த ஒரு நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது சில சமயம் மனசுக்கு முன்னால் உடம்புக்குத் தெம்பு வந்துவிடும். நன்றாகிவிட்டார் என்று நாம் அசட்டையாகிற அந்த வாரங்களில்தான் இன்னும் கூடுதலாகப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்களுக்கும் களைக்கும்

ஜேம்ஸ் கோய்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் ஒரு ஆய்வு செய்தார். மனச்சோர்வு உள்ளவர்களோடு தொலைபேசியில் 20 நிமிடம் பேசியவர்கள், யாரோடு பேசுகிறோம் என்றே தெரியாமல், பேசி முடித்ததும் தாங்களும் சோர்ந்து போயிருந்தார்கள். மறுபடி பேச அவ்வளவாக விரும்பவும் இல்லை. இதைப் படித்ததும் என் தம்பி மனைவிக்குச் சொன்னேன். அவள் விசும்பி அழுதாள். "எனக்கு அவர் பக்கத்துல போகவே பிடிக்கலைங்க அண்ணி, நான் கெட்டவள்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவர் ஒதுங்குகிறார், நாம் சலித்து விலகுகிறோம், அதைப் பார்த்து "நினைத்தது சரிதான், யாருக்கும் நான் வேண்டாம்" என்று அவர் இன்னும் ஒதுங்குகிறார். இந்தச் சுழலை நாம்தான் நிறுத்த முடியும், ஆனால் ஒரே ஆள் நிறுத்த முடியாது. முறை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் செவ்வாய், சனி நான். வியாழன் அம்மா. ஞாயிறு அவனுடைய பட்டறைக் கூட்டாளி ஒருவன் வந்து பேசாமல் கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போவான். அந்த நேரங்களில் அவன் மனைவி குழந்தையோடு வெளியே போய்விட வேண்டும் என்பது நான் போட்ட கண்டிப்பு.

குழந்தைக்கும் சொல்லுங்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடறாங்க, நீ எதுவும் தப்புப் பண்ணலை." இந்த மூன்றும் போதும். சொல்லாவிட்டால் குழந்தை தன்மேல் பழிபோட்டுக்கொள்ளும்.

கூட்டத்துக்குத் திரும்புவது

2024 ஆவணியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தம்பி பட்டறைக்குப் போகத் தொடங்கி நான்கு மாதமாகியிருந்தது. வருகிறேன் என்று அவனாகவே சொன்னான், ஆனால் முகம் வெளிறியிருந்தது. "எல்லாரும் என்னடா ஆச்சுன்னு கேப்பாங்களே?" நல்ல கேள்வி. பதிலை முன்கூட்டியே தயார் செய்தோம். "கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க, இப்பத் தேவலைங்க." அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை என்று வாய்விட்டு நான்கு தடவை சொல்லிப் பழகினான்.

அப்புறம் சித்தப்பாவிடம் பேசி அவனை மொய் எழுத உட்காரவைத்தேன். இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். கூட்டத்தில் சும்மா நிற்பதுதான் கொடுமை. வேலையோடு இருந்தால் ஒவ்வொருவரோடும் பேச வேண்டியது மூன்றே கேள்வி: எந்த ஊருங்க, பேருங்க, எவ்வளவுங்க. கண் நோட்டில், கை பேனாவில், பக்கத்தில் பணம் எண்ண இன்னொரு ஆள். பின்னால் வரிசை நிற்பதால் யாரும் நின்று துருவிக் கேட்க முடியாது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தான். எட்டு மணிக்கு மாற்று ஆள் வருவார், விரும்பினால் எழுந்து போய்விடலாம், பந்திக்கு யாரும் இழுக்கமாட்டார்கள் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். பைக்கும் வாசல் பக்கம்தான் நின்றது.

எட்டேகாலுக்கு நான் போய்ப் பார்த்தபோது இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். மாற்று ஆள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா ஒருத்தி ஐந்நூறு ரூபாயை நீட்டி, "தாய்மாமன்காரன் காது குத்துக்கு வரலையே" என்று ஆரம்பித்தாள். "உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க பெரியம்மா, இப்பத் தேவலைங்க. எந்த ஊர்னு எழுதட்டுங்க?" என்றான். அவள் ஊரைச் சொன்னாள். எழுதினான்.

மறுநாள் முழுக்கப் படுத்தே இருந்தான். அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை செய்த உடம்புக்கு ஓய்வு வேண்டும், அது நோய் திரும்பியது ஆகாது. அந்த நாளில் போன் செய்து "எப்படி இருந்துச்சு, எல்லாரும் என்ன சொன்னாங்க" என்று கேட்காதீர்கள். நான் முருங்கைப் படம் ஒன்றை அனுப்பி, பதில் போட வேண்டாம் என்று எழுதினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. நோட்டின் ஒரு வரி: "மொய் எழுதினது. முன்னால் 1, பின்னால் 6."